இருபத்தெட்டாம் நாள் எப்படி இருக்கிறார்?

பிப்ரவரி 9

அக்கா,

நான் இருக்கிறேன். நீயும் அத்தானும் இருப்பீர்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்று நான் எழுதுவதே இல்லை என்று போன தடவை கோபித்துக்கொண்டாய். நலமில்லாவிட்டால் நீயே எழுதிவிடப் போகிறாய். அதை ஏன் ஆவலோடு வேறு கேட்க வேண்டும்? ஒரு வரி மிச்சம்.

போன் வேண்டாம், கடிதம் எழுது என்றவள் நீ. "போன்ல நீ மூணாவது வாக்கியத்துல குறுக்கே விழுந்துடுறே, காகிதத்துல விழ முடியாது" என்றாய். சரி. உன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆபீஸிலிருந்து மருந்துப் பெட்டி வரும்போதெல்லாம் அதற்குள் என் கடிதம் இருக்கும். நீ நிரப்பிய படிவங்களைக் கட்டித் திருப்பி அனுப்பும்போது உன்னுடையதை அந்தக் கட்டுக்குள் வை. விதிப்படி தப்பு. விதியை எழுதியவனே நான் என்பதால் இந்த ஒரு தப்பை மன்னித்துவிட்டேன்.

அத்தான் போன கடிதத்தின் அடியில் கேட்டிருந்தார்: "ஏன் மச்சான், கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச மருந்தை எதுக்குடா அலமாரியில வச்சுப் பூட்டுறீங்க?" இதைப் படித்துக் காட்டு. சளி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துக் கொடுத்துப் பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்டன. இந்தப் புது ஊசி மருந்துக்குத்தான் இன்னும் சாகின்றன. இதையும் இஷ்டத்துக்குக் கொடுத்தால் சில வருடங்களில் இதுவும் வெறும் தண்ணீர். அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். எந்தக் கிருமி, வேறு எந்த மருந்தெல்லாம் தோற்றது, எத்தனை நாள் கொடுத்தார்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம்: இருபத்தெட்டாம் நாள் நோயாளி எப்படி இருக்கிறார்? பொறுக்கியெடுத்த ஆட்களிடம் பரிசோதித்தபோது மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று நமக்கு மூன்று தெரு தள்ளி வாழ்கிற நிஜ மனிதர்களிடம் என்ன ஆகிறது என்பது அந்தக் கட்டம் நிரம்பினால்தான் தெரியும். அது காலியாக இருந்தால் படிவம் குப்பை.

படிவத்தில் பெயர் கிடையாது. எண், வயது, எடை. அவ்வளவுதான். போன வாரம் எங்கள் டைரக்டரின் ஒன்றுவிட்ட அண்ணனுக்காக ஒருவர் வந்து நின்றார். "நம்ம ஆளு சார்" என்றார். "என் திரையில ஆளே கிடையாது, எண்தான்" என்றேன். டைரக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு "சரியாத்தான் சொன்னே" என்றார். நீயும் கேட்டுக்கொள். தெரிந்தவர், வேண்டியவர் என்று யாருக்காவது சிபாரிசு எழுதினாயோ, கிழித்துப் போட்டுவிடுவேன்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

உன் இருபத்தெட்டாம் நாள் என்னைப் படுத்துகிற பாட்டைக் கேள். ஆஸ்பத்திரி மருந்தறைச் சாவி என்னிடம் இருப்பதால் இந்த வேலையும் என் தலையில். வீட்டுக்குப் போன நோயாளிகள் கொடுத்த போன் எண்களில் பாதி அணைந்து கிடக்கிறது. மீதியில் வேறு யாரோ பேசுகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தான் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறோம். அவருக்கும் வாரம் முழுவதும் லேத் பட்டறை, இருக்கிற ஒரு லீவு நாள் இதில் போகிறது.

போன ஞாயிறு ஒரு டயர் கடைக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்த அம்மாளிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரியே தேடி வருதுன்னா நல்ல சேதியா இருக்காதே" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்னு கேக்க வந்தோம்."

"கேக்க மட்டுமா?"

"கேக்க மட்டும்தான்."

நம்பவில்லை. அத்தான் வண்டியில் உட்கார்ந்தபடியே, "நல்லாருக்கார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா, எம் மச்சானோட கம்ப்யூட்டர் பசியில கத்துது" என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காய்ச்சல் விட்டது முதல் ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். ஒரு மணி நேரம். உன் கட்டத்தில் நான் எழுதியது ஒரே சொல்: நலம்.

வழக்கம்போல் அடியில் மூன்று விரல் இடம் அவருக்கு விட்டிருக்கிறேன்.

அக்கா

மச்சான் அவசரக்குடுக்கை, இந்த மாசம் உங்க அக்காவை நூத்திப்பத்து கிலோமீட்டர் ஏத்தி இறக்கியிருக்கேன். உன் ஃபாரத்துல டிரைவருக்கு ஒரு கட்டம் இல்லையே, ஏன்? நீயே வந்து ஓட்டேன்னு சொல்லலாம்னா, போன தடவை நீ என் வண்டியை எடுத்து வாசல் கேட்டைக் கட்டிப்பிடிச்சது ஞாபகம் வருது. வேணாம். நீ திரையையே ஓட்டு. – அத்தான்


மார்ச் 6

அக்கா,

சாப்பிடுகிறேன்.

அத்தானிடம் சொல், கேட் கோணலாக வைக்கப்பட்டிருந்தது.

கடுங்கோபத்தில் இருக்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அறுபது படிவம். அறுபதிலும் இருபத்தெட்டாம் நாள் 'நலம்'. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மதியத்தில் உட்கார்ந்து எழுதியது. போன் போட்டுக் கேட்டேன். "எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க சார், அப்ப நல்லாத்தானே இருப்பாங்க?" என்கிறான். மருந்தை நிறுத்தி இரண்டு வாரத்தில் கிருமி திரும்பி வந்தால் அது யாருக்குத் தெரியும்? ஒரு பொய் 'நலம்' இன்றைக்கு யாரையும் கொல்லாது. மெதுவாகக் கொல்லும். ஐந்து வருடம் கழித்து, எங்கேயோ, முகம் தெரியாத ஒருவரை.

உன் படிவங்களை டைரக்டருக்குக் காட்டினேன். "இருபதாம் நாள் படியில் வழுக்கினார், அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை" என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருக்கிறாயே, அதை அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தார். வீடு தேடிப் போய்க் கேட்கிற ஒரே ஆஸ்பத்திரி உன்னுடையதுதான்.

இனி இந்தச் சோம்பேறிகளுக்காக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். நாற்பத்தைந்து நாள் தாண்டியும் கடைசிக் கட்டம் காலியாக உள்ள படிவம் ஐந்து சேர்ந்துவிட்டால், அந்த ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி தானாகவே நின்றுவிடும். நிரப்பி அனுப்பினால் தானாகவே திறக்கும். மனிதக் கை நடுவில் கிடையாது. கெஞ்சல் கிடையாது. இரண்டு நாளில் எழுதி முடித்தேன். நான் எழுதியதிலேயே சுத்தமான வேலை இது.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். அத்தானுக்குக் காலில் அடி. போன மாதம் பட்டறையில் ஒரு இரும்புத் தண்டு நழுவிக் கணுக்காலில் விழுந்துவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

படிவங்கள் இந்த முறை கொஞ்சம் தாமதமாகும். ஸ்கூட்டர் கூடத்தில் நிற்கிறது. பஸ்ஸில் போனால் ஒரு ஞாயிற்றுக்கு ஒரு வீடுதான் முடிகிறது. அதிலும் ஆள் இல்லாவிட்டால் வெறும் கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. மூன்று படிவம் நாள் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு தாண்டப் போகிறது.

அத்தானுக்கு இடம் விட்டிருக்கிறேன். "நாளைக்கு எழுதறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். படிவக் கட்டு இன்றைக்குப் போக வேண்டும். அதனால் அந்த இடம் அப்படியே வருகிறது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

தாமதத்துக்குக் காரணம் எழுதாதே. படிவத்தை அனுப்பு. எல்லோரும் காரணம்தான் எழுதுகிறார்கள். மழை, கல்யாணம், கம்ப்யூட்டர் ரிப்பேர், மாமியார். அதனால்தான் படிவத்தில் காரணத்துக்கு நான் கட்டமே வைக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

உன் ஆஸ்பத்திரிப் பெயருக்கு எதிரே திரையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பதினைந்தாம் தேதி அது சிவப்பாகும். என் அக்கா என்று அதற்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தால் டைரக்டரின் அண்ணனையும் தெரிந்துகொள்ளும்.

அதற்காகக் கேட்காமலே 'நலம்' போட்டு அனுப்பிவிடாதே. நீயும் அந்த ஒரே சாய்வுப் பேனாக்காரனாகிவிட்டால் நான் யாருடைய படிவத்தைக் காட்டிப் பேசுவது?

அத்தானுக்கு அடி என்று எழுதியிருந்தாய். இரும்போடு குடித்தனம் நடத்துகிறவரை இரும்பு ஒரு நாள் உதைக்கத்தான் செய்யும். நன்றாகத் தூங்கச் சொல்.

தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம்.

பெட்டி நின்றுவிட்டதால் படிவக் கட்டு எடுத்துப்போக வண்டியும் வரவில்லை, இதைத் தபாலில் போடுகிறேன். எப்போது கைக்கு வருமோ தெரியாது. அலமாரி காலி. கடைசிக் குப்பி இருந்த இடத்தில் அட்டை மட்டும் கிடக்கிறது.

எங்கள் வார்டில் ஒருவருக்கு அந்த மருந்து தேவைப்படும் போலிருக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ். பழைய மருந்துகள் எதற்கும் கேட்கவில்லை. எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற கல்ச்சர் அறிக்கை இரண்டு நாளில் வந்துவிடும். வந்ததும் பெரிய டாக்டர் அவசர விண்ணப்பம் அனுப்புவார். அதைக் கொஞ்சம் பார். சிபாரிசு இல்லை. கிழித்துவிடாதே. எண்ணாகவே பார், போதும்.

இதற்கு மேல் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. ஒன்றுமில்லை.

அத்தானுக்கு விட்ட இடத்தில் இந்த முறை அவரே எழுதியிருக்கிறார்.

அக்கா

மச்சான், சௌக்கியமா? – அத்தான்


ஏப்ரல் 24

அக்கா,

பார்த்தாயா? அழுத்தினால் நடக்கிறது! ஒன்றரை மாதமாக முடியாத ஐந்து படிவம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. சற்றுமுன் உன் ஆஸ்பத்திரி விளக்கு பச்சையாகிவிட்டது. பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அதற்குள்தான் வருகிறது. உன் தபால் நேற்றுத்தான் கிடைத்தது.

நீ சொன்ன அவசர விண்ணப்பம் 21ஆம் தேதியே வந்துவிட்டது. உன் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஆண், 43 வயது, 71 கிலோ, கணுக்கால் ஆபரேஷன் புண், ரத்தத்தில் பரவுகிறது. அவசரம் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. எல்லோரும்தான் அடிக்கோடு போடுகிறார்கள். நிறுத்திவைத்த ஆஸ்பத்திரிக்கு நடுவில் திறந்துவிட்டால் நாளைக்கு எல்லோரும் படிவத்துக்குப் பதில் விண்ணப்பம் அனுப்புவார்கள். வரிசையில் போட்டேன். முதலில் படிவம், பிறகு பெட்டி. இப்போது இரண்டும் ஆகிவிட்டது. அவருக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தில் ஒன்றில் 'பத்தொன்பதாம் நாள் இறந்தார்' என்று எழுதியிருக்கிறாய். மருந்து முடிந்தபின் காய்ச்சல் திரும்பியிருக்கிறது. இது பெரிய விஷயம். விவரமாக எழுது.

அத்தான் என்ன திடீரென்று இவ்வளவு மரியாதையாகச் சௌக்கியமா என்கிறார்? கேலி வற்றிவிட்டதா? கால் எப்படி இருக்கிறது, இன்னுமா கட்டு?

தம்பி


மே 8

அக்கா,

பத்து நாளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டேன். ரயில் நேரத்துக்கு வந்தது.

உன் வீட்டில் இருந்த மூன்று நாளும் நான் சரியாக எதுவும் பேசவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் போனபிறகும் பேசவில்லை. கூடத்தில் ஸ்கூட்டர்மேல் தூசி படிந்திருந்தது. துடைத்தேன். பின் சீட்டில் உன் கை பிடித்துத் தேய்ந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

பெரிய டாக்டரிடம் எந்தக் கிருமி என்று கேட்டேன். என்னை ஒரு தடவை பார்த்தார். "உங்க அக்காகிட்ட கேளுங்க" என்று உள்ளே போய்விட்டார். உன்னிடம் கேட்டேன். "அப்புறம் சொல்றேன்" என்றாய்.

ஏப்ரல் 21 விண்ணப்பம் என் திரையில் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். பத்து நாளாக ஆபீஸுக்குப் போகிறேன், வருகிறேன், திறக்கவில்லை. நான் எதையும் தள்ளிப்போடுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அத்தானுக்கு நாற்பதுக்கு மேல் என்று தெரியும். சரியாக எத்தனை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வயதை மட்டும் எழுதாதே.

தம்பி


மே 14

அக்கா,

பதில் இல்லை. நீ சாப்பிடுகிறாயா? இதற்கு மட்டுமாவது எழுது.

தம்பி


மே 18

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன்.

இத்துடன் 31ஆம் எண் படிவம் இருக்கிறது. மருந்து கோரப்பட்டது: ஆம். தரப்பட்டது: இல்லை. இருப்பு: நிறுத்திவைப்பு. ஆண், 43 வயது, 71 கிலோ. வயதை எழுதாதே என்றாய். படிவத்தில் கட்டம் இருக்கிறது, எழுதிவிட்டேன். விண்ணப்பம் போன நாளிலிருந்து எண்ணினால் இன்று இருபத்தெட்டாம் நாள்.

நடந்ததைச் சொல்கிறேன். காலில் விழுந்த தண்டு எலும்பை உடைத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தகடு வைத்தார்கள். அதில் சீழ் பிடித்தது. உனக்கு எழுதவேண்டாம் என்றவர் அவர்தான். கல்ச்சர் வந்த அன்று பெரிய டாக்டர் வார்டு அதிரக் கத்தினார்: "உங்க தம்பிதானேம்மா அங்க உக்காந்திருக்கான்? ஒரு போன் போடுங்க!" நான் போனை எடுத்துவிட்டேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை நெருப்பாகச் சுட்டது.

"வேணாம். நமக்குன்னு ஒரு தடவை திறந்துட்டான்னா, அப்புறம் அந்த டைரக்டர் அண்ணனுக்கும் திறக்கணும். பய ரொம்பப் பெருமையா எழுதியிருந்தான். அவனைப் பல்லிளிக்க வச்சுடாதே" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அது என் தப்பு. உன்மேல் போடவில்லை.

ஐந்து படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஐந்து சொல். ஐந்து 'நலம்'. அன்றைக்கே பெட்டி கிளம்பியிருக்கும். முதல் படிவத்தில் 'ந' எழுதிவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு பேரும் உசுரோட இருக்காங்களான்னு பாத்துட்டு வா" என்றார். "நான் எங்க போகப்போறேன்?"

போனேன். இரண்டு நாள், ஏழு பஸ். நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் மோர் கொடுத்தார், குடிக்காமல் வந்தேன், அவருக்கு வருத்தம். ஐந்தாவது வீட்டில் ஒரு தையல்காரர். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "இருபத்தெட்டு நாள் கழிச்சு வர்றேன்னு சொன்னீங்க, இத்தனை நாள் காணோமே. அவர் பத்தொம்பதாம் நாளே போயிட்டார்மா" என்றாள். நான் 'ந' எழுதி நிறுத்திய படிவம் அவருடையது. அடித்துவிட்டு உள்ளதை எழுதினேன். விவரம் கேட்டிருந்தாய், தனித்தாளில் இருக்கிறது.

24ஆம் தேதி மதியம் ஐந்தையும் ஸ்கேன் செய்து ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அனுப்பினேன். உடனே 'நிறுத்தம் நீங்கியது' என்று வந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது. பெட்டி அதற்கும் இரண்டு நாள் கழித்து வந்தது.

எனக்குப் பதிலாக வேலை பார்த்தவள் மருந்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, உன் உறையை மட்டும் என் மேசையில் வைத்திருந்தாள். திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் அதைப் படித்தேன். 'பார்த்தாயா? அழுத்தினால் நடக்கிறது' என்று தொடங்கியிருந்தாய்.

அந்தப் பெட்டி மருந்து இப்போது பன்னிரண்டாம் கட்டிலில் ஏறுகிறது. சின்ன வயதுப் பெண். காய்ச்சல் இறங்கிவிட்டது.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். வரவில்லை. கேட்காமல் 'நலம்' எழுதாதே என்று நீதானே சொன்னாய்?

ஒன்று மட்டும் செய். உன் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் வை.

31ஆம் எண் நோயாளி வீட்டுக்கு மட்டும் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உள்ளே உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வந்து தட்டவில்லை.

அக்கா


மே 26

அக்கா,

எப்படி இருக்கிறாய்?

இதுவரை உனக்கு எழுதிய கடிதங்களில் இந்தக் கேள்வி ஒன்றில்கூட இல்லை. அத்தானின் காலைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டேன். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை.

31ஆம் எண்ணைத் திரையில் ஏற்றியது நான்தான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு டைரக்டரிடம் போய், நிறுத்தம் என்னுடையது, வரிசையில் போட்டதும் நான், இறந்தவர் என் அத்தான் என்றேன். எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "விதி சரியானதுதான். உன் துரதிர்ஷ்டம்" என்றார். இல்லை சார், வீடு வீடாகப் போய்க் கேட்டவளைத்தான் அது நிறுத்தியது, உட்கார்ந்த இடத்தில் பொய் எழுதிய ஆஸ்பத்திரி ஒன்றைக்கூட நிறுத்தவில்லை என்றேன். நாளை எண்ணிப் பெட்டியை நிறுத்துகிற ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். அவசர விண்ணப்பத்தை இனி ஒரு ஆள் படித்து, எழுதியவரோடு பேசிய பிறகே முடிவு. சிறுநீரகக் கோளாறு இருந்த அந்தத் தையல்காரரைப் போலவே இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் காய்ச்சல் திரும்பியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருந்தை இன்னும் ஒரு வாரம் நீட்டிக் கொடுக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதியாகிவிட்டது. உன் தனித்தாளை வைத்துத்தான். இதெல்லாம் உனக்கு ஆறுதல் என்று எழுதவில்லை. நடந்தது, சொன்னேன்.

காரணத்துக்குக் கட்டம் வைத்துவிட்டேன். படிவத்தின் அடியில், மூன்று விரல் அகலம்.

நீ அடித்துவிட்ட அந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்க்காதே என்று நீ சொன்னதை மீறித்தான். படிக்க முடியவில்லை. நன்றாகவே அடித்திருக்கிறாய்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். உன் பெயருக்கு எதிரே ஆறு வீடு பாக்கி நிற்கிறது. எனக்கு ஸ்கூட்டர் வராது என்று அத்தான் சொன்னது உண்மை. கேட் நேராகத்தான் இருந்தது. பஸ்ஸில் போகலாம். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதோடே வா. பஸ்ஸில் நான் உனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

முதலில் 31ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டுவேன். நீ திறந்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, நீ சொல்லி முடிக்கும்வரை குறுக்கே விழமாட்டேன்.

தம்பி